நிரலில் புகும் இடைச்செருகல்

தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு இடைச்செருகல் என்ற சொல் புதிதல்ல. கம்பராமாயணப் பதிப்புகளில் ‘வெள்ளி பாடல்கள்’ என்று தனியே ஒதுக்கப்பட்டிருக்கும் பாடல்களை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். ஏடு பெயர்த்து எழுதியவர்களும் பாடம் சொன்னவர்களும் தங்கள் கைச்சரக்கை மூலத்துக்குள் நுழைத்துவிட்டுப் போனார்கள். கவி பாடியது எது, பிறர் செருகியது எது என்று பிரித்தறிவதற்குப் பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் சுவடி சுவடியாக ஒப்புநோக்க வேண்டியிருந்தது.

கணிப்பொறி உலகிலும் ஓர் இடைச்செருகல் உண்டு. ஆங்கிலத்தில் அதைக் கோட் இன்ஜெக்‌ஷன் என்கிறார்கள். நிரலாசிரியர் எழுதிய கட்டளைகளுக்கு நடுவே, அந்த நிரலைப் பயன்படுத்த வந்த வழிப்போக்கர் ஒருவர் தம்முடைய கட்டளையை நுழைத்துவிடுவதே அது. ஏட்டில் செருகப்பட்ட பாடலை நாம் படிக்கிறோம், பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம். நிரலில் செருகப்பட்ட வரியைக் கணிப்பொறி படித்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. சொன்னபடி செய்துவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த இடைச்செருகலின் வரலாற்றை, குறிப்பாக இணையத்தளங்களைக் கட்டுவதற்காக எல்லோரும் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் திறமூல நிரல்களில் அது நிகழ்ந்த வரலாற்றை, சுருக்கமாகச் சொல்ல முயல்கிறது.

கணிப்பொறியால் ஏன் பிரித்தறிய முடிவதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியை ஒட்டியுள்ள சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் பருத்திச் சேலைகளுக்குப் பெயர்போன நெசவூர்கள். சேலை நெய்யும் எந்தத் தறியிலும் நூல் வேறு, நெய்யும் முறை வேறு. பாவு விரித்திருக்கும், ஊடை குறுக்கே ஓடும். எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே தங்க வேண்டும் என்பதை நெசவாளியின் காலும் தறியின் அமைப்பும் தீர்மானிக்கின்றன. 1804ஆம் ஆண்டையொட்டி பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய தறியில் இந்தத் தீர்மானம் துளையிட்ட அட்டைகளுக்குப் போயிற்று. பூவேலையின் கட்டளை முழுவதும் அட்டையில். நூலோ வெறும் நூல். எவ்வளவு விஷமமான நூலைக் கோத்தாலும் அது அட்டையில் புதிய துளை போட்டுவிட முடியாது.

கணிப்பொறியின் முன்னோர்களில் ஒன்று இந்தத் தறி என்று சொல்வது வழக்கம். ஆனால் நவீன கணிப்பொறி முக்கியமான ஓரிடத்தில் தறியிடமிருந்து விலகியது. 1945இல் ஜான் வான் நாய்மன் எட்வாக் என்ற கணிப்பொறிக்காக எழுதிய வரைவறிக்கையில், கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் அமைப்பு விவரிக்கப்பட்டது. இன்றைய கணிப்பொறிகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. அட்டையும் நூலும் ஒரே பொருளால் ஆனவையாகிவிட்டன. இதனால் கிடைத்த வசதி அளவற்றது. ஒரு நிரல் இன்னொரு நிரலை எழுதலாம், திருத்தலாம், இயக்கலாம். கூடவே ஓர் ஆபத்தும் வந்தது. எது அட்டை, எது நூல் என்பதை இனி மனிதர்கள்தான் கவனமாகக் குறித்து வைக்க வேண்டும். பொருளை வைத்து இயந்திரம் அடையாளம் காண முடியாது.

இணையத்தின் முதல் ஆண்டுகளில் இது பெரிய பிரச்சினையாக இல்லை. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் போன்ற முயற்சிகள் தமிழ் நூல்களைத் தட்டெழுதிக் கோப்புகளாக வைத்தன. வாசகர் கேட்டார், கோப்பு போயிற்று. வாசகரிடமிருந்து தளத்துக்குச் சொல் எதுவும் திரும்பி வரவில்லை. நிலைமை மாறியது, வாசகர் எழுதத் தொடங்கியபோது. தேடுபெட்டியில் ஒரு சொல், கட்டுரையின் அடியில் ஒரு கருத்து, நுழைவதற்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் என்று முகமறியாதவர்களின் சொற்கள் தளத்துக்குள் வந்து சேர்ந்தன. 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. போன்ற மொழிகள் இதை எளிதாக்கின. சில வாரம் பழகியவர்கூட ஓர் இணைய இதழ் நடத்திவிடலாம் என்று ஆனது.

ஆபத்து எப்படி நுழைகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு நூலகத்தில் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். சீட்டில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்பவர். சீட்டில் அச்சிட்டிருப்பது: “——— எழுதிய நூலை எடுத்துக் கொடு.” கோடிட்ட இடத்தில் வாசகர் ஆசிரியர் பெயரை நிரப்ப வேண்டும். ஒருவர் வந்து இப்படி நிரப்புகிறார்: “மௌனி எழுதிய நூலை எடுத்துக் கொடு. பிறகு அலமாரிச் சாவியையும் கொடு. பிறகு லா.ச.ரா.” உதவியாளர் சீட்டை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறார். இலக்கணப் பிழை இல்லை. சாவியைக் கொடுத்துவிடுகிறார். அச்சிட்ட சொற்கள் நூலகத்தாருடையவை, மையால் எழுதியவை வந்தவருடையவை என்ற வேறுபாடு, சீட்டை ஒரே வாக்கியமாகப் படிக்கும்போது மறைந்துவிட்டது.

தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழியில் இதே தந்திரம் பலிக்கும் என்பதை, 1998 டிசம்பரில் ஃபிராக் என்ற மின்னிதழில் ரெயின் ஃபாரஸ்ட் பப்பி என்ற புனைபெயரில் எழுதியவர் விளக்கினார். ஒற்றை மேற்கோள்குறி ஒன்றைச் சரியான இடத்தில் வைத்தால் போதும். வெற்றிடம் அங்கே மூடிக்கொள்ளும், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் கட்டளை.

இனி திறமூல நூலகங்களுக்கு வருவோம். இங்கே நூலகம் என்பது லைப்ரரி என்று நிரலாளர்கள் சொல்லும் பொது நிரல்தொகுப்பு. தேதி கணக்கிடவும், படம் சுருக்கவும், இரண்டு தளங்கள் ஒன்றோடொன்று பேசவும் ஒவ்வொருவரும் தனித்தனியே நிரல் எழுதுவதில்லை. யாரோ ஒருவர் எழுதிப் பொதுவில் வைத்ததை ஆயிரம் பேர் எடுத்தாளுகிறார்கள். அதனால் அதில் இருக்கும் ஓர் ஓட்டையும் ஆயிரம் வீடுகளின் ஓட்டையாகிறது.

2005இல் இது வெளிச்சத்துக்கு வந்த விதம் வலைப்பதிவுகளின் வரலாற்றோடு பிணைந்தது. எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி. என்பது ஒரு தளம் மற்றொரு தளத்திடம் வேலை சொல்வதற்கான மரபு, 1998இல் உருவானது. வெளியிலிருந்து ஒரு செயலி வழியே வலைப்பதிவில் இடுகை இடுவதற்கும், புதிய இடுகை வந்திருக்கிறது என்று திரட்டிகளுக்குச் சொல்வதற்கும் அது பயன்பட்டது. பி.எச்.பி.யில் இதற்காகப் பரவலாகப் புழங்கியவை இரண்டு நூலகங்கள். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது. வந்த செய்தியைப் பிரித்து, அதிலுள்ள மதிப்புகளைக் கொண்டு பி.எச்.பி. வரிகளை ஒரு சரமாகக் கட்டி, அந்தச் சரத்தை ‘ஈவேல்’ என்ற கட்டளையிடம் கொடுத்து இயக்குவது அவற்றின் வழி. ஈவேல் என்பது மேலே சொன்ன உதவியாளரேதான். கொடுத்ததைச் செய்யும். 2005 ஜூன் இறுதியில் ஜேம்ஸ் பெர்ஸ்கே என்ற ஆய்வாளர், மேற்கோள்குறி ஒன்றைக் கொண்டு அந்தச் சரத்தை உடைத்துத் தன் விருப்பப்படி எந்தக் கட்டளையையும் சர்வரில் ஓட்டலாம் என்று வெளிப்படுத்தினார். பாதிக்கப்பட்டவையாகப் பாதுகாப்புப் பதிவேட்டில் குறிக்கப்பட்ட மென்பொருள்களில் வேர்ட்பிரஸ், ட்ரூப்பல், செரண்டிபிட்டி, டிக்கிவிக்கி ஆகியவையும் இருந்தன. இவற்றில் தளம் அமைத்தவர்களில் பலர் இப்படி ஒரு நூலகம் தம் வீட்டுக்குள் இருப்பதையே அறியாதவர்கள்.

நூலகத்தார் விரைந்து திருத்தினார்கள். மேற்கோள்குறி வந்தால் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டு உள்ளே விடுவது என்பது திருத்தத்தின் சாரம். ஆகஸ்டு மாதத்தில் ஸ்டெஃபான் எஸ்ஸர் இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார். முதல் திருத்தம் காவல் நிற்காத வேறொரு சந்து அது. இம்முறை நூலகத்தார் காவலை இன்னும் கடுமையாக்கவில்லை. ஈவேலை அடியோடு நீக்கிவிட்டுப் பிரித்துப் படிக்கும் பகுதியைப் புதிதாக எழுதினார்கள். வந்தவர் சொல் எதுவும் கட்டளையாக மாறுவதற்கான வாய்ப்பே அங்கு இல்லாமல் போயிற்று. ஆனாலும் பழைய பதிப்புகள் ஆயிரக்கணக்கான சர்வர்களில் அப்படியே கிடந்தன. அந்த நவம்பரில் லூப்பர் என்ற புழுநிரல் அவற்றைத் தேடித் தேடிப் புகுந்தது.

இந்த ஆறு மாதக் கதையில் பின்னால் நடந்த பலவற்றின் அச்சு இருக்கிறது. முதலாவது, வந்த சொல்லைச் சலித்துப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கும் முயற்சி ஏதாவது ஒரு மூலையில் தோற்கிறது. கட்டளைக்கும் சொல்லுக்கும் தனித்தனிப் பாதை போடுவதே நிலைக்கிறது. தரவுத்தள உலகில் இதே பாடத்தை ‘தயார்நிலைக் கேள்வி’ என்ற முறை செயல்படுத்துகிறது. கேள்வியின் வடிவத்தை முதலில் அனுப்பி முடித்துவிட்டு, மதிப்பைப் பிறகு தனியே அனுப்புவார்கள். தறியின் ஒழுங்கு மீண்டும் கிடைக்கிறது: அட்டை அட்டையாக, நூல் நூலாக. இரண்டாவது, திருத்தம் எழுதப்படுவதும் திருத்தம் போய்ச் சேர்வதும் வேறு வேறு காரியங்கள்.

இரண்டாவது பாடத்தின் விலையை 2017 காட்டியது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா நூலகத்தில் இருந்த ஓட்டைக்கு அந்த ஆண்டு மார்ச் 7ஆம் தேதியே திருத்தம் வந்துவிட்டது. கோரிக்கையின் தலைப்பகுதியில் எழுதப்பட்ட ஒரு கோவையை, பிழைச்செய்தி தயாரிக்கும்போது நூலகம் கட்டளையாக எண்ணி இயக்கிவிடும் என்பதே ஓட்டை. அமெரிக்கக் கடன்மதிப்பீட்டு நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் தன் தளமொன்றில் திருத்தத்தைப் போடாமல் விட்டது. மே மாதத்தில் அந்த வழியே புகுந்தவர்கள் ஏறத்தாழ 14.7 கோடி மனிதர்களின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள்.

முதல் பாடத்தை 2021 டிசம்பர் நினைவூட்டியது. லாக்ஃபோர்ஜே என்பது நிகழ்வுகளைக் குறிப்பேட்டில் பதியும் ஜாவா நூலகம். பதியும் செய்தியில் குறிப்பிட்ட வடிவில் ஒரு சொற்றொடர் இருந்தால், அது சுட்டும் முகவரிக்குப் போய் எதையாவது எடுத்துவரும் வசதி 2013இல் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே குறிப்பேட்டில் பதியப்படும் எந்த இடத்திலும், தம் பெயராகக்கூட, அந்தச் சொற்றொடரை எழுதினால் போதும் என்றாயிற்று. கணக்கப்பிள்ளை வந்தவரின் பெயரை எழுதிக்கொள்வதற்குப் பதிலாக, பெயரில் இருந்த உத்தரவை நிறைவேற்றப் புறப்பட்ட கதை. டிசம்பர் 9 அன்று விஷயம் பரவிய பிறகு அந்த மாதம் முடிவதற்குள் நான்கு திருத்தப் பதிப்புகள் அடுத்தடுத்து வர வேண்டியிருந்தது. முதல் திருத்தம் எல்லா வழிகளையும் அடைக்கவில்லை.

நம் ஊரைச் சேர்ந்த ஓர் உதாரணமும் உண்டு. சோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றி, 2009இல் இப்போதைய பெயரை ஏற்ற நிறுவனம். சென்னையை அடுத்துத் தலைமையகமும் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகமும் கொண்டது. அதன் மேனேஜ்எஞ்ஜின் பிரிவு, பெரிய அலுவலகங்களின் கணிப்பொறித் துறைகள் பயன்படுத்தும் கருவிகளைச் செய்கிறது. கடவுச்சொல் மாற்றுவது, பழுதுகளைப் பதிவது, கணிப்பொறிகளைத் தொலைவிலிருந்து பராமரிப்பது போன்ற வேலைகளுக்கானவை. 2022இல் வியட்நாமின் வியட்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் இவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களில் ஒரே ஓட்டை இருப்பதைக் கண்டார். காரணம் சோஹோ எழுதிய நிரல் மட்டுமன்று. அவை அனைத்தும் அப்பாச்சி சான்ட்டுவாரியோ என்ற திறமூல நூலகத்தின் மிகப் பழைய 1.4.1 பதிப்பைத் தாங்கியிருந்தன.

ஒருமுறை நுழைந்தால் எல்லாச் சேவைகளையும் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டில், ‘இவர் இன்னார்’ என்று சான்று சொல்லும் எக்ஸ்.எம்.எல். கடிதம் ஒன்று வரும். அதில் மின்னணுக் கையொப்பம் இருக்கும். கையொப்பத்தைச் சரிபார்ப்பது சான்ட்டுவாரியோவின் வேலை. ஆனால் கையொப்பத்துக்கான மரபு, சரிபார்க்குமுன் கடிதத்தை எப்படி உருமாற்ற வேண்டும் என்ற குறிப்பையும் கடிதத்துக்குள்ளேயே வைக்க அனுமதிக்கிறது. அந்த உருமாற்றக் குறிப்பு ஒரு சிறிய நிரல். அதன் வழியே ஜாவாவின் பிற கட்டளைகளையும் அழைக்க முடிந்தது. பழைய பதிப்பு முதலில் உருமாற்றத்தைச் செய்துவிட்டுப் பிறகுதான் கையொப்பம் யாருடையது என்று பார்த்தது. கடிதம் போலியா என்று பார்ப்பதற்கு முன்பே கடிதத்தில் சொன்னதைச் செய்தாகிவிட்டது.

சோஹோ 2022 அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் நூலகத்தைப் புதுப்பித்துத் திருத்தங்களை வெளியிட்டது. 2023 ஜனவரியில் ஓட்டையின் நுட்பங்கள் பொதுவெளிக்கு வந்தன. அதே மாதத்தில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை, இது தாக்குதலில் பயன்படுத்தப்படுகிறது என்று தன் பட்டியலில் சேர்த்தது. வானூர்தித் துறை அமைப்பு ஒன்றுக்குள் அரசுகளின் பின்புலம் கொண்ட ஊடுருவிகள் ஜனவரியிலேயே இவ்வழியே புகுந்திருந்தனர் என்று அந்த முகமையும் பிற அமைப்புகளும் செப்டம்பரில் கூட்டாக அறிவித்தன. திருத்தம் வந்து இரண்டு மாதங்களுக்குப் பிறகும் அது எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

இந்த நிகழ்வைப் பற்றிய பதிவேட்டுக் குறிப்பில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நூலகத்தின் அந்தப் பதிப்பு, சில பாதுகாப்புகளை அதைப் பயன்படுத்தும் செயலியே செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் அமைந்திருந்தது. செயலிகள் அவற்றைச் செய்யவில்லை. காவல் உங்களுடையது என்று நூலகத்தார் நினைக்க, நூலகமே பார்த்துக்கொள்ளும் என்பதுபோலச் செயலி நடந்துகொண்டது. கட்டளைக்கும் சொல்லுக்கும் இடையிலான கோடு அழிந்த இடத்தை உற்றுப் பார்த்தால், அது இரண்டு மனிதர்களுக்கிடையே பொறுப்பின் கோடு எழுதப்படாமல் விடப்பட்ட இடமாகவும் இருக்கிறது. 2005இல் நூலகம் எழுதியவர், வலைப்பதிவு மென்பொருள் செய்தவர், வலைப்பதிவர் என்று மூவர். 2017இல் திருத்தியவர் ஒருவர், போட வேண்டியவர் வேறொருவர். ஒவ்வொரு முறையும் ஓட்டை நடுவில்தான் இருந்தது.

இந்த நடுவிடம் ஆண்டிபட்டிப் பக்கத்து மனிதர்களுக்குப் புரியாத ஒன்றல்ல. வைகை அணை அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் மானாவாரி நிலங்களும் மழையை நம்பிய கண்மாய்களும் அங்கே ஏராளம். கண்மாய் யாருக்கும் தனியுடைமையன்று. கரையை உயர்த்துவதும், வரத்துக்கால் தூர்வாருவதும், மடையைச் சரிபார்ப்பதும் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோருடைய வேலை. இதற்குக் குடிமராமத்து என்று பெயர். எல்லோருடைய வேலை என்பதாலேயே அது யாருடைய வேலையும் இல்லாமல் போகும் ஆபத்து எப்போதும் இருந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டியிருந்ததே, வழக்கம் தானாக நடந்துவிடவில்லை என்பதற்குச் சான்று. சட்டத்தைவிட உறுதியாகக் கண்மாயைக் காத்தது, மடைக்குப் பொறுப்பாக ஒரு நீர்க்கட்டியை நியமித்து, அறுவடையில் அவருக்குப் பங்கு கொடுத்த ஏற்பாடு. யார் கவனிக்க வேண்டும் என்பது ஊருக்குத் தெரியும். கவனிப்பவர் பிழைக்க வழியும் இருந்தது.

திறமூல நூலகங்களுக்குப் பல இடங்களில் அந்த ஏற்பாடு இல்லை. லாக்ஃபோர்ஜேவைப் பராமரித்தவர்கள் பெரும்பாலும் தம் சொந்த நேரத்தைச் செலவிட்ட தன்னார்வலர்கள். பெருநிறுவனங்கள் அதன்மேல் நின்றுகொண்டிருந்தன. தனியாளாகச் சோர்ந்துபோகும் பராமரிப்பாளரின் நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை 2024 மார்ச்சு காட்டியது. எக்ஸ்.இஸட். என்ற சுருக்கும் நூலகத்தில், உதவி செய்ய வந்தவராக ஈராண்டுக்கு மேல் பழகி நம்பிக்கை பெற்ற புனைபெயர்க்காரர் ஒருவர் கள்ளவழி ஒன்றைச் செருகியிருந்தார். இது வாசலில் வந்தவரின் இடைச்செருகல் அன்று. ஏடு பெயர்த்தவரே செய்தது. வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாக ஓர் இணைப்பு நிகழ்வதைக் கவனித்து, காரணம் தேடிப் போன ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார்.

அரசுகள் தம் பங்குக்குச் சில செய்திருக்கின்றன. இந்தியாவில் 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் அமைப்பு இத்தகைய ஓட்டைகளைப் பற்றி எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. 2022 ஏப்ரலில் அது பிறப்பித்த ஆணைப்படி, குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். தாக்குதல் நடந்த பின்னான ஏற்பாடு இது. கரை உடைந்ததும் தண்டோரா போடுவது அவசியம்தான். தூர்வாரும் வேலை அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

இலக்கியத்தில் ஈடுபட்ட நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சென்ற இருபதாண்டுகளில் தமிழில் எழுதப்பட்டவற்றில் கணிசமான பகுதி இணையத்தில் மட்டுமே இருக்கிறது. சிறு குழுக்கள் சொந்தச் செலவில் நடத்தும் இதழ்கள், தனியாட்களின் வலைப்பதிவுகள், மறைந்த எழுத்தாளர்களுக்காக நண்பர்கள் திறந்த தளங்கள். இவற்றில் பல, யாரோ எப்போதோ நிறுவிப் பிறகு தொடாமல் விட்ட மென்பொருளின்மேல் நிற்கின்றன. தானியங்கிப் புழுநிரலுக்கு வங்கியும் சிற்றிதழும் ஒன்றுதான்; கதவு திறந்திருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். வங்கியிடம் நகல் இருக்கும். சிற்றிதழிடம் இருக்கிறதா?

ஆகவே இதழ் நடத்துகிற ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருப்பது நல்லது. நம் தளம் எந்த மென்பொருளின், எந்த நூலகங்களின் எந்தப் பதிப்பில் ஓடுகிறது? திருத்தம் வந்தால் அதைப் போட வேண்டியவர் நம்மில் யார்? எழுத்துகள் அனைத்தின் நகலும் அந்தச் சர்வருக்கு வெளியே வேறெங்கே இருக்கிறது? மூன்றில் இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த நீர்க்கட்டிக்கு அறுவடையில் என்ன பங்கு என்பதை அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.